சுமைக் குதிரைக்கு ஒரு சட்டம்

புதிய விளையாட்டொன்றைக் கற்பனை செய்வோர் பலர். அதற்கு விதி எழுதுவோர் சிலர். அவ்விதியை, ஆக்கியோன் அருகில் இல்லாதபோதும் பிறர் படித்து ஐயமின்றி ஆடத்தக்கவாறு எழுதுவோர் மிகமிகச் சிலர். இம்மூன்றாம் வகையினர் ஏன் இத்துணை அருகிக் காணப்படுகின்றனர் என்பதையும், அவ்வகையிற் சேர விரும்பும் மாணவர் செய்யவேண்டுவன யாவை என்பதையும் இவ்வாரம் சற்றே ஆராய்வோம்.

"விளையாட்டுக்கு விதி எழுதுவதும் ஒரு வித்தையா?" என்று வீட்டிலுள்ள பெரியோர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். இன்று விளையாட்டுக்குத் தெளிவாக விதி எழுதப் பழகும் பிள்ளையே நாளை சனசமூக நிலையத்துக்கு யாப்பு எழுதும். கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒழுங்குவிதி எழுதும். உடன்பிறந்தார் காணி பிரிக்கும்போது பின்னர் வழக்குக்கு இடம் வையாத உறுதி எழுதுவிக்கும். தெளிவற்ற ஒரு சொல்லால் விளையாட்டில் இழப்பது ஒரு காய். வாழ்க்கையில் இழப்பது சில வேளை ஒரு வேலி. சில வேளை ஓர் உறவு.

நம்மவர் வீடுகளில் 304 ஆடுவோரைப் பாருங்கள். சீட்டைக் கலைத்துப் போடுமுன்னரே, "உங்கள் வீட்டு முறையா, எங்கள் வீட்டு முறையா?" என்ற வினா எழுந்துவிடும். எழுதப்படாத விதி நினைவில் வாழ்வது. நினைவோ ஆளுக்கு ஆள் வேறுபடுவது. தோற்கும் தறுவாயில் அஃது இன்னும் அதிகமாக வேறுபடும்!

சதுரங்கமும் மாறியதே

சதுரங்கம் என்றவுடன் அஃது என்றும் ஒரே தன்மைத்து என எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பொருந்தாது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருப்பெற்ற இவ்வாட்டம், பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. பழைய ஆட்டத்தில் இன்றைய அரசியின் இடத்தில் நின்றவர் மந்திரி. அவர் மூலைவாட்டில் ஒரு கட்டமே நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அவரது ஆற்றல் பெருகி, பலகையின் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டும் ஓடும் அரசியாக மாறினார். காலாளும் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லும் உரிமையைப் பெற்றது.

காலாள் பெற்ற இவ்வுரிமையால் ஆட்டத்தில் ஒரு துளை விழுந்தது. ஒரு கட்டம் மட்டும் சென்றிருந்தால் எதிரிக் காலாளால் வெட்டப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, இரண்டு கட்டம் பாய்ந்து தப்பிவிடலாயிற்று. அதனை அடைப்பதற்காக, அவ்வாறு பாய்ந்த காலாளை, அஃது ஒரு கட்டமே சென்றாற்போலக் கருதி, உடனடுத்த முறையில் மட்டும் வெட்டலாம் என்ற விதி பிறந்தது. 'ஆன் பசான்' எனப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் இவ்விதியை இத்தாலியர் 1880ஆம் ஆண்டளவிலேயே ஏற்றுக்கொண்டனர். ஒரு விதியைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று காண்க. ஒருவனுடைய அரசன் தாக்கப்படவில்லை. ஆயினும் ஆடுதற்கு அவனுக்கு ஒரு நகர்வுமில்லை. இந்நிலை இன்று சமநிலை எனப்படும். இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எதிரியை இந்நிலைக்குத் தள்ளியவனே தோற்றவனாகக் கொள்ளப்பட்டான். பலகை ஒன்றே, காய்கள் அவையே, ஒரு விதி மாற வெற்றியும் தோல்வியும் இடம் மாறுகின்றன.

பஞ்சாபிலிருந்து சென்று 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளில் பிரித்தானியப் போட்டியில் முதலிடம் பெற்ற மீர் சுல்தான் கான், இளமையிற் கற்றது இந்திய முறைச் சதுரங்கமே. அம்முறையில் காலாளுக்கு இரட்டை நகர்வு இல்லை. ஐரோப்பிய விதிகளை அவர் பின்னரே கற்றார். தாம் அறிந்த ஆட்டத்தையே மீண்டும் பயில வேண்டிய நிலை அவருடையது.

வேண்டுமென்றே மாற்றி ஆக்கிய சதுரங்கங்களும் பல. ஒருவர் காயை மற்றவர் காணாது, நடுவரின் சொல்லை மட்டும் கேட்டு ஆடும் 'கிறீக்ஸ்பீல்' என்ற வகையை 1899இல் இங்கிலாந்தில் ஹென்றி மைக்கேல் தெம்பிள் ஆக்கினார். உலக வெற்றி வீரராயிருந்த கியூபா நாட்டுக் கப்பபிளாங்கா, 1920களில் இரண்டு புதிய காய்களையும் பத்துக் கட்ட அகலமுள்ள பலகையையும் முன்மொழிந்தார். எழுத்தாளர் டன்சனி பிரபு 1942இல் ஒரு பக்கத்துக்கு 32 காலாட்களை மட்டும் கொடுத்து, மறுபக்கத்தில் வழக்கமான படையை நிறுத்தினார். டேவிட் பிரிச்சர்ட் 1994இல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் 1400க்கு மேற்பட்ட சதுரங்க வகைகள் தொகுக்கப்பட்டுள்ளன. ஆகவே புதியதொன்றை ஆக்க விழையும் மாணவனுக்கு முன்னோர் இல்லை என்ற குறை இல்லை.

ஒரு கொப்பியும் ஒரு பிணக்கும்

எனது வகுப்பு மாணவன் ஒருவன் தான் ஆக்கிய சதுரங்க வகையொன்றைக் கொப்பியில் எழுதிக் கொணர்ந்தான். கற்பனை நன்று. குதிரை சுமக்கும் பிராணி. ஆதலால் அது தாவும்போது பக்கத்தில் நிற்கும் காயொன்றையும் உடன் கொண்டு செல்லட்டும் என்பது அவன் கருத்து. 'சுமைக் குதிரைச் சதுரங்கம்' எனப் பெயரும் இட்டிருந்தான். விதி ஒரே வாக்கியம்: "குதிரை தாவும்போது தனக்கு அருகில் நிற்கும் காயொன்றைச் சுமந்து சென்று அருகில் இறக்கலாம், மற்றவை வழக்கம்போல."

அவன் வந்தது பாராட்டுப் பெறுவதற்கன்று, தீர்ப்புப் பெறுவதற்கு. பாலர் வகுப்பிலிருந்தே உடன் பயின்ற நண்பனோடு அவன் இதனை ஆடியிருக்கிறான். மூன்றாவது ஆட்டத்தில் நண்பனின் குதிரை, ஆக்கியவனுடைய அரசியையே தூக்கிக்கொண்டு தாவி, தன் காலாளின் வாயில் இறக்கிவிட்டது. அடுத்த முறையில் அரசி போயிற்று. "இது களவு, சேர்" என்றான் ஒருவன். "அவன் எழுதிய விதியில் உள்ளதைத்தான் செய்தேன், சேர்" என்றான் மற்றவன். ஒரே சைக்கிளில் வந்துபோன இருவரும் இரண்டு கிழமையாகத் தனித்தனியே வந்துகொண்டிருந்தனர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவன் எழுதியதைப் படித்தான். மற்றவன் தான் நினைத்ததைப் படித்தான். 'காயொன்றை' என்ற சொல்லில் 'தன்' என்ற அடை இல்லை. எழுதியவன் மனத்தில் அது பளிச்சென்று இருந்தமையால், தாளில் இல்லாமை அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை. எழுதுவோர் எல்லோருக்கும் நேரும் இடர் இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிநூலில், கடைசி வரிசையை அடைந்த காலாள் 'அதே நிறமுடைய' காயாக மாறும் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எதிரியின் காயாக எவன் மாற்றப்போகிறான் என்று நாம் நகைக்கலாம். ஆனால் சிக்கலான நிலையொன்றில் அதுவும் பயன்படக்கூடும். அச்சொல் இல்லையேல் தடுக்கவும் இயலாது.

அந்த ஆட்டத்துக்குத் தீர்ப்புக் கூற நான் உடன்படவில்லை. இல்லாத விதிக்குப் பின்னர் வந்து தீர்ப்புக் கூறினால், அஃது ஒருவனுக்குச் செய்யும் உதவியாகவே முடியும். அதற்குப் பதிலாக இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். குற்றஞ் சாட்டப்பட்டவன் ஐயங்களை எழுதவேண்டும். ஆக்கியவன் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை தரவேண்டும். வாயாற் பேசுதல் கூடாது. விதியின் ஓட்டையைக் கண்டு புகுந்தவனைவிட அதன் ஓட்டைகளை அறிந்தவன் வேறு யார்?

நன்னூலார் துணை

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்துள்ளார். பாயிரத்தில் அதனைப் படித்துப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். விளையாட்டு விதியும் ஒரு சிறு நூலே. ஆகவே அக்குற்றங்களுட் சிலவற்றை அம்மாணவனின் கொப்பியில் வைத்து நோக்குவோம்.

முதலாவது, குன்றக் கூறல். நண்பன் எழுதிய ஐயங்கள் இக்குற்றத்தையே காட்டின. அருகு என்பது பக்கத்தால் தொடும் நான்கு கட்டங்களா, மூலையால் தொடுவனவும் சேர்ந்து எட்டா? இறக்குமிடத்தில் எதிரிக் காய் நின்றால் வெட்டலாமா? அரசனைச் சுமக்கலாமா? காலாளைச் சுமந்து எட்டாம் வரிசையில் இறக்கினால் அஃது அரசியாகுமா? பின்னோக்கிச் சுமந்து முதலாம் வரிசையில் இறக்கினால் அதன் கதி என்ன? யானையைச் சுமந்து மீண்டும் அதன் மூலையிலேயே சேர்த்தபின் அரசன் கோட்டை கட்டலாமா? ஒரு முறையில் இரண்டு காய் சுமக்கலாமா? ஒரு வாக்கியத்துக்குள் இத்தனை வினாக்கள் ஒளிந்திருந்தன.

புதிய விதி எழுதுவோர்க்கு இங்கு ஓர் உபாயம் உண்டு. பழைய ஆட்டத்தில் உள்ள சிறப்பு விதிகள் ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து, "என் புதுமை இதனைத் தொடுகிறதா?" என்று வினவுக. அரசனுக்கு நேரும் தாக்கு, கோட்டை கட்டுதல், காலாளின் இரட்டை நகர்வு, ஆன் பசான், காலாள் உயர்வு, சமநிலை, ஒரே நிலை மூன்று தரம் வருதல், 50 நகர்வு விதி ஆகியவை அவை. தொடவில்லையெனின் மேலே செல்க. தொடுமெனின் ஒரு வாக்கியம் எழுதுக.

இரண்டாவது, மிகைபடக் கூறல். சுமை எங்கே இறங்கும் என்ற வினாவுக்கு ஆக்கியவன் முதலில் ஒரு பக்கம் நிறைய அட்டவணை எழுதினான். சுமை குதிரைக்கு முன்னே நின்றால் இங்கே, பின்னே நின்றால் அங்கே, வலப்பக்க மூலையில் நின்றால் வேறோரிடம் என்று அது விரிந்தது. அதனைப் படித்த நண்பன் ஓரத்தில் ஒரு வரி எழுதினான்: "சுமையும் குதிரை தாவும் அதே தாவலைத் தாவுகிறது என்றால் போதாதா?" போதும். குதிரை எத்திசையில் எவ்வளவு சென்றதோ அத்திசையில் அவ்வளவே சுமையும் செல்லும். ஒரு பக்கம் ஒரு வாக்கியமாயிற்று. இருவரும் பிணங்கியிருந்த நாளிலேயே இவ்வுதவி கிடைத்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

இத்தகைய சுருக்கத்துக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. அமெரிக்க வீரர் பொபி பிஷர், பின்வரிசைக் காய்களைச் சீட்டுக் குலுக்கி நிறுத்தும் சதுரங்க வகையை 1996 யூன் 19ஆம் நாள் புவனோஸ் அயர்ஸ் நகரில் அறிவித்தார். இரண்டு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்கவேண்டும்; அரசன் இரண்டு யானைகளுக்கும் இடையே நிற்கவேண்டும். கணக்கிற் பிரியமுள்ள மாணவர் எண்ணிப் பார்க்கலாம். மந்திரிகளை நிறுத்த 4 x 4 = 16 வழி; எஞ்சிய ஆறு கட்டங்களில் அரசிக்கு 6 வழி; எஞ்சிய ஐந்தில் இரண்டு குதிரைகளுக்கு 10 வழி; மிகுந்த மூன்றில் யானை, அரசன், யானை என ஒரே வழி. 16 x 6 x 10 = 960 தொடக்க நிலைகள்.

இனி, இவற்றில் கோட்டை கட்டுவது எவ்வாறு? "அரசன் யானையை நோக்கி இரண்டு கட்டம் நகரும்" என்ற பழைய விதி இங்கு உதவாது. அரசன் எங்கும் நிற்கக்கூடும். இரண்டு கட்டத்துக்கு இடமே இல்லாமலும் போகலாம். 960 நிலைக்கும் 960 விதி எழுதவும் ஒண்ணாது. பிஷர் செல்லும் வழியைச் சொல்லாது சேரும் இடத்தைச் சொன்னார். எங்கிருந்து புறப்பட்டாலும், கோட்டை கட்டி முடிந்தபின் அரசனும் யானையும் பழைய சதுரங்கத்தில் நிற்கும் அதே கட்டங்களில் நிற்கும் என்பது அவர் விதி. இந்த ஆட்டம் பின்னர் கூட்டமைப்பின் விதிநூலிலும் பின்னிணைப்பாக இடம்பெற்றது. 2019இல் அதற்கு உலகப் போட்டியும் நடைபெற்று, வெஸ்லி சோ முதல்வரானார்.

மூன்றாவது, மயங்க வைத்தல். நம்மவரிடையே காய்களின் பெயர்களே மயக்கந் தருவன. ஒரு வீட்டில் யானை எனப்படுவது மற்றொரு வீட்டில் கோட்டை. ஒருவர் மந்திரி என்பது மூலைவாட்டில் ஓடும் காயை. இன்னொருவர் மந்திரி என்பது அரசனுக்குப் பக்கத்தில் நிற்கும் பெருங்காயை. காலாளைச் சிப்பாய் என்பாரும் உளர். எப்பெயரும் குற்றமன்று, ஒரே தாளில் இரண்டு பெயர் கலப்பதே குற்றம். விதியின் முதற்பக்கத்தில் பெயர்களை வரையறுத்து, இறுதிவரை அவற்றையே ஆளுதல் வேண்டும். கவிதையில் ஒரு பொருளுக்குப் பல சொல் அழகு. சட்டத்தில் அதுவே வழக்கு.

நான்காவது, கூறியது கூறல். சிலர் தெளிவுக்காகப் பழைய சதுரங்க விதிகளை எல்லாம் தம் சொல்லில் மீண்டும் எழுதுவர். ஒன்றை இருமுறை இருவேறு சொல்லாற் கூறினால் அது நாளடைவில் இரண்டு விதியாகிவிடும். "மற்றவை வழக்கம்போல" என்று எழுதிய மாணவனின் நோக்கம் சரியே. எவர் வழக்கம் என்று சொல்லாமையே குறை. 1924இல் பாரிஸ் நகரில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகள் என்று பெயர் சொல்லிவிட்டால் அக்குறை தீரும்.

ஐந்தாவது, மற்றொன்று விரித்தல். இந்த ஆட்டம் எவ்வாறு தோன்றியது, எந்தக் குதிரை எந்தப் போரில் எதனைச் சுமந்தது, தொடக்கத்தில் எக்காயைச் சுமந்தால் நலம் என்பன எல்லாம் சுவையானவை. அவற்றுக்குத் தனித் தாள் உண்டு. விதிக்குள் அறிவுரை புகுந்தால், 'செய்யலாம்' என்பது அனுமதியா ஆலோசனையா என்று படிப்பவன் திகைப்பான்.

படிமுறை பிறழாமை

குற்றங்களை நீக்கியபின்னும் ஒன்று எஞ்சும். ஒரு நகர்வுக்குள் இரண்டு செயல் நிகழுமாயின் அவற்றின் வரிசையைச் சொல்லுதல் வேண்டும். வி. ஆர். பார்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1953இல் ஆக்கிய 'அலிஸ் சதுரங்கம்' இதற்கு நல்ல மாதிரி. லூயிஸ் கரோலின் கதைநாயகி கண்ணாடிக்குள் புகுந்தாற்போல, இங்கு ஒவ்வொரு காயும் ஆடியவுடன் அருகிலுள்ள மற்றொரு பலகைக்கு மாறிவிடும். தலை சுற்றும் ஆட்டம். ஆனால் விதி மிக எளிது. நகர்வு, ஆடப்படும் பலகையில் முறையானதாக இருத்தல் வேண்டும். மறுபலகையில் அதற்கு ஒத்த கட்டம் வெறுமையாக இருத்தல் வேண்டும். நகர்வு முடிந்ததும் காய் அக்கட்டத்துக்கு மாறும். முதலில் எது, பின்னர் எது என்பது தெளிவாயிருப்பதால், ஆட்டம் எவ்வளவு வியப்பானதாயினும் பிணக்குக்கு இடமில்லை.

இவ்வாறு பல நாள் எழுதியும் அடித்தும் இரு மாணவரும் முடித்த விதிகள் கீழே வருகின்றன. வீட்டில் சதுரங்கப் பலகை உள்ளோர் ஆடிப் பார்க்கலாம்.

1. காய்களின் பெயர்: அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, காலாள். மந்திரி மூலைவாட்டில் ஓடும் காய். யானை நேராக ஓடும் காய்.

2. கீழே வேறாகக் கூறப்பட்டவை நீங்கலாக, எல்லாம் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளின்படி நிகழும்.

3. தன் முறையில் ஒருவன் குதிரையை வழக்கம்போல ஆடலாம். அல்லது சுமந்து ஆடலாம்.

4. சுமந்து ஆடுதலாவது, குதிரை நிற்கும் கட்டத்தைப் பக்கத்தாலோ மூலையாலோ தொடும் எட்டுக் கட்டங்களுள் ஒன்றில் நிற்கும் தன் நிறக் காய் ஒன்றை மட்டும் உடன் கொண்டு தாவுதல். சுமையும் குதிரை தாவும் அதே தாவலைத் தாவும்.

5. குதிரை சேரும் கட்டமும் சுமை சேரும் கட்டமும் பலகைக்குள் இருத்தல் வேண்டும். இரண்டும் வெறுமையாக இருத்தல் வேண்டும்.

6. அரசனைச் சுமக்கலாகாது. காலாளை முதலாம் வரிசையிலோ எட்டாம் வரிசையிலோ இறக்கலாகாது.

7. இரு காய்களும் அமர்ந்தபின் உள்ள நிலையைக் கொண்டே, தன் அரசன் தாக்கப்படுகிறானா என்பது தீர்மானிக்கப்படும். சுமந்து ஆடுதலும் முறையான நகர்வாதலின், ஆட்டம் முடிந்ததா என்று நோக்கும்போது அதனையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

8. சுமக்கப்பட்ட காய் ஆடிய காயாகக் கொள்ளப்படும். ஆகவே சுமக்கப்பட்ட யானையோடு அரசன் கோட்டை கட்ட இயலாது. சுமக்கப்பட்ட காலாளுக்கு இரட்டை நகர்வு இல்லை. சுமக்கப்பட்டு வந்த காலாளை ஆன் பசான் முறையில் வெட்டலாகாது.

9. சுமந்து ஆட விரும்புபவன் முதலிற் குதிரையைத் தொடவேண்டும். பின்னரே சுமையைத் தொடவேண்டும்.

ஐந்தாம் விதியில் 'வெறுமையாக' என்ற ஒரு சொல் செய்யும் பணியை மாணவர் கவனிக்க. சுமந்து தாவும்போது எதனையும் வெட்ட இயலாது என்பதால், அரசனைத் தாக்கும் புதிய வழி எதுவும் இந்த ஆட்டத்தில் தோன்றவில்லை. அந்த ஒரு சொல் இல்லையேல், எந்தக் கட்டம் எந்தக் காயால் தாக்கப்படுகிறது என்பதற்கே ஓர் அத்தியாயம் எழுதவேண்டி வந்திருக்கும். நல்ல விதி ஒரு வினாவுக்கு விடை கூறும். மிக நல்ல விதி பல வினாக்களை எழவிடாது தடுக்கும்.

மௌனப் பரீட்சை

விதிகளை முடித்தபின் ஒரு பரீட்சை வைக்கச் சொன்னேன். ஆட்டத்தை முன்பு கண்டிராத ஒருவரிடம் கொப்பியைக் கொடுக்கவேண்டும். அவர் ஆடும்போது ஆக்கியோர் வாய் திறவாது அமர்ந்திருக்கவேண்டும். "அது அப்படியல்ல, நான் நினைத்தது..." என்ற சொற்றொடர் வாய்வரை வரும்போதெல்லாம் அங்கே ஒரு விதி குறைபடுகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். ஆக்கியோன் தன் நூலோடு கூடவே எல்லா வீட்டுக்கும் செல்ல முடியாதல்லவா?

ஆக்கியவனின் தமக்கை இதற்கு உடன்பட்டாள். சதுரங்கம் அறிந்தவள். ஒரு மாலை முழுவதும் தனியே இருபக்கமும் ஆடிவிட்டு, கொப்பியின் அடியில் ஒரு வினாவை எழுதிவைத்தாள். கூட்டமைப்பின் விதிப்படி, இருவரும் 50 நகர்வு ஆடும்வரை எக்காயும் வெட்டப்படாமலும் எக்காலாளும் நகராமலும் இருந்தால், ஒருவன் சமநிலை கோரலாம். முடிவில்லாது இழுபடும் ஆட்டத்தை நிறுத்துவதே இதன் நோக்கம். காலாள் நகர்வை இதிற் சேர்த்தமைக்குக் காரணம், காலாள் பின்வாங்காது என்பதே. அது நகர்ந்தால் ஆட்டம் முன்னேறியிருக்கிறது என்று பொருள். ஆனால் இந்த ஆட்டத்தில் குதிரை காலாளை முன்னே சுமக்கலாம்; மீண்டும் பின்னே சுமக்கலாம். எட்டாம் விதி அதனை 'ஆடிய காய்' என்கிறது. அவ்வாறாயின் தோற்கும் நிலையில் உள்ளவன் அவ்வப்போது ஒரு காலாளை முன்னும் பின்னும் சுமந்து, எண்ணிக்கையை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குக் கொணரலாமன்றோ?

இதுவே மாறுகொளக் கூறல் என்னும் குற்றம். ஒரு விதி தன் சொல்லால் மற்றொரு விதியின் நோக்கத்தைக் கெடுக்கிறது. இரு மாணவரும் பலகாலும் படித்தும் கண்டிலர். புதிதாக வந்தவள் ஒரே மாலையிற் கண்டாள். அதனால் பத்தாவது விதியொன்று சேர்ந்தது:

10. காலாள் ஒன்றைச் சுமந்து ஆடுதல், 50 நகர்வு எண்ணும்போது காலாளின் நகர்வாகக் கொள்ளப்படாது.

எல்லாத் துளையையும் அடைத்துவிட்டோம் என்று எவரும் இறுமாப்புக் கொள்ளல் வேண்டா. கூட்டமைப்பின் விதிநூலே தன் முன்னுரையில், எல்லா நிலைமைகளையும் விதிகள் அடக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறது. நேராக விதி இல்லாதவிடத்து, விதியுள்ள ஒத்த நிலைமைகளை நோக்கி முடிவு காணுமாறு கூறுகிறது. நம் இலக்கண நூலார் இயலின் இறுதியில் புறனடை வகுப்பது இதனை ஒத்ததே. விதியில் அடங்காதன வரும் என்பதை அறிந்து, வந்தால் செய்யவேண்டுவது யாது என்பதையும் விதியாக வகுப்பது அறிவுடைமை. விளையாட்டு ஆக்குவோரும் ஐயம் எழுந்தால் யார் தீர்ப்பது என்பதைக் கடைசி வரியிற் கூறிவிடலாம். ஆனால் ஆடுவோன் தானே நடுவனாகவும் இருக்கக்கூடாது.

இன்னும் ஒன்று. தெளிவு வேறு, சமன் வேறு. மேற்கண்ட விதிப்படி, கட்டங்களை எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் முறையில், வெள்ளை தன் முதல் நகர்விலேயே பீ1இல் உள்ள குதிரையைச் சீ3க்கும், அதனோடு சீ2இல் உள்ள காலாளை டீ4க்கும் கொண்டுசெல்ல முடியும். குதிரையும் வெளிவந்தது; பலகையின் நடுவும் கையில் வந்தது. இது முதலில் ஆடுவோனுக்கு மிகைநலம் ஆகுமா? விதியைப் படித்தே இதற்கு விடை கூற இயலாது; பன்முறை ஆடியே அறியவேண்டும். ஆனால் விதி தெளிவாயிருந்தால்தான் ஆடும் இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடுவர். ஒரே ஆட்டத்தை ஆடினால்தான் அது நல்லதா தீயதா என்று அறியவும் முடியும்.

புதிய விதிகளின்படி நடந்த முதல் ஆட்டத்தில் தோற்றவன் ஆக்கியவனே. "எப்படித் தோற்றாய்?" என்று கேட்டேன். "நன்றாக ஆடினான், சேர்" என்றான். இரண்டு கிழமைக்கு முன்னர் அதே வினாவுக்கு அவன் கூறிய விடை 'களவு' என்பது. விதியின் பயன் வென்றவனை மகிழ்விப்பது அன்று; வென்றவன் எப்படியும் மகிழ்வான். தோற்றவன் மனமொப்பித் தோற்கச் செய்வதே அதன் பயன். கொப்பியின் மேலட்டையில் இப்போது இருவர் பெயரும் உள்ளன. தமக்கையின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டு ஆக்க விரும்பும் மாணவர் இவ்விடுமுறையில் முயன்று பார்க்கலாம். புதுமை ஒன்று போதும், இரண்டு வேண்டா. அதனை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பின்னர் உங்களோடு எளிதில் உடன்படாத ஒருவரைத் தேடிப் பிடித்து, ஐயங்களை எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே அத்தகையோர் இருப்பர். மேலே தந்த பத்து விதிகளிலும் இன்னும் துளை இருக்கக் கூடும். கண்டவர் எழுதியனுப்பினால், பதினோராவது விதியை இப்பகுதியிலேயே சேர்த்து வெளியிடுவோம்.